"ஒரு உடலையாவது எடுத்தார்களா?" என்று கேட்பவர்களுக்கு

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்து, கனடா அரசும் தேவாலயங்களும் நடத்தியவை பூர்வகுடி உறைவிடப் பள்ளிகள். அங்கே பிள்ளைகள் செத்ததே இல்லை என்று இன்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மறுப்பு வேறு வேஷத்தில் வருகிறது: "கம்லூப்ஸில் 215 உடல் என்றீர்களே, ஒன்றையாவது தோண்டி எடுத்தீர்களா? எல்லாம் புரளி."

பதிலுக்கு "ஒரே குழியில் கொட்டிப் புதைத்தார்கள்" என்று எழுதினால் வாதம் அங்கேயே தோற்றுவிடும். 2021இல் கம்லூப்ஸின் பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில் நடந்தது தரையை ஊடுருவும் ரேடார் ஆய்வு. 215 என்ற எண் அதிலிருந்து வந்தது. அது எலும்பைக் காட்டாது, மண் கலைந்த இடத்தைத்தான் காட்டும். மர வேரும் பழைய குழாய்ப் பள்ளமும்கூட அப்படித் தெரியலாம். முன்பே தோண்டப்பட்டிருந்த பகுதியைக் கழித்து எண்ணிக்கையை 200 ஆக்கியதும் அதே ஆய்வாளர்தான். ஆகவே "புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள்" என்று எழுதுங்கள். தோண்டலாமா என்பது அங்குள்ள பூர்வகுடி மக்கள் எடுக்கவேண்டிய முடிவு.

சாவுக் கணக்கு ரேடாரை நம்பி நிற்கவில்லை. இப்பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் ஆவணங்களை வைத்தே சுமார் 3,200 மரணங்களைப் பதிவு செய்தது. அவற்றில் 32 விழுக்காட்டில் பிள்ளையின் பெயர்கூட இல்லை. 49 விழுக்காட்டில் காரணம் இல்லை.

"அப்போது எல்லோருக்கும்தான் காசநோய்" என்பது அடுத்த வாதம். 1907லேயே அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ், தகவல் கிடைத்த 1,537 மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இறந்துவிட்டதாக அறிக்கை கொடுத்தார். 1941-45இல்கூட இப்பள்ளிகளின் இறப்பு வீதம் பொதுவான கனடியப் பிள்ளைகளுடையதைவிட 4.9 மடங்கு. நோய் பொது, நெரிசலும் அரைப்பட்டினியும் பள்ளிகளுடையவை.

இறந்த பிள்ளைகளை ஆவணங்களில் தேடுகிறவர்கள் ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வின்னிபெக்கிலுள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தின் நினைவுப் பதிவேட்டில் தொடங்கி, அரசு ஆவணக் காப்பகத்தின் 'ஆர்ஜி 10' (பூர்வகுடி விவகாரத் துறையின் ஆவணங்கள்) தொகுப்புக்குப் போங்கள். காலாண்டு வருகைப் பட்டியலில் ஒரு பெயர் திடீரென நின்றுபோனால் அதைப் பிடித்துக்கொண்டு மாகாண இறப்புப் பதிவு, தேவாலய அடக்கப் பதிவேடு, காசநோய் மருத்துவமனைக் கோப்பு என்று போகவேண்டும். பெரும்பாலும் சறுக்குவது பெயரில்: பள்ளி சூட்டிய ஆங்கிலப் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் எழுத்து மாறும். தந்தை பெயர், ஊர், மாணவர் எண் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சாகும் தறுவாயில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை பள்ளிக் கணக்கில் வராமலே போயிருக்கலாம். காகிதம் இல்லை என்பதால் சாவும் இல்லை என்று ஆகாது. 1936க்கும் 1944க்கும் இடையில் மட்டும் பூர்வகுடி விவகாரத் துறையின் (அன்றைய பெயர் 'இந்தியன் அஃபேர்ஸ்') 2,00,000 கோப்புகள் அழிக்கப்பட்டன.

மறுப்புப் பதிவின் திரைப்பிடிப்பைப் போட்டுத் திட்டாதீர்கள், அது அதற்கே கூட்டம் சேர்க்கும். சரியான தகவலை முதல் வரியில் வையுங்கள். உயிர் தப்பியவர்களிடம் "ஆதாரம் எங்கே" என்று கேட்கும் பின்னூட்டங்களை நீக்கத் தயங்காதீர்கள்.