ஃப்ளூமை உடைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

நாங்கள் படித்த ஆய்வகத்திலிருந்து நேற்று போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கண்ணாடிச் சுவர் போட்ட எங்கள் ஃப்ளூம், அதாவது தண்ணீரை ஓடவிட்டுச் சோதிக்கும் நீளத் தொட்டி, துண்டு துண்டாக, ஆய்வகத்து வாசலில். கூடவே ஒரு வரி: "இந்தக் குளியல் தொட்டி அடைச்சிருந்த இடத்துல இனி கம்ப்யூட்டர் வரும்." அதற்கு அத்தனை பாராட்டு. என் ஐந்து வருஷம் அந்தத் தொட்டியில்தான் போனது. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அணை திடீரென்று உடைந்தால் வெள்ளம் எப்படிப் பாயும்? இதுதான் அங்கே வேலை. குறுக்கே ஒரு தகடு. ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் தண்ணீர், மறுபக்கம் காய்ந்த தரை. கப்பியில் கட்டிய எடையை விட்டால் தகடு கால் வினாடிக்குள் மேலே போய்விட வேண்டும். மெதுவாகப் போனால் அது அணை உடைப்பு இல்லை, மதகு திறப்பு. கசியாமலிருக்க ரப்பர் வைத்தால் தகடு பிடித்துக்கொள்ளும். எடுத்தால் தரை ஈரமாகும். ஈரத்தரையில் அலை வேறு மாதிரி ஓடும், அன்றைய சோதனை போச்சு. துணியால் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து.

அணை உடைப்புக்கு 1892இல் ரிட்டர் என்ற ஜெர்மானியர் தந்த கணக்குப்படி, தகடு இருந்த இடத்தில் நீர்மட்டம் சுமார் 13 சென்டிமீட்டருக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அலையின் நுனி வினாடிக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் ஓட வேண்டும் என்பதும் அதே கணக்குதான். ஓடவில்லை. தரையின் உராய்வு இழுத்துப் பிடித்தது, நுனி மழுங்கிப்போய் வந்தது. கணக்கு எங்கே தப்புகிறது என்பதைத் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். திரும்பத் திரும்ப நான் சொல்வது இது ஒன்றுதான்.

பிரான்சில் மால்பசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 400 பேருக்கு மேல் செத்தார்கள். வெள்ளம் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று யாரிடம் கேட்பது? வழியில் மூன்று மின்மாற்றிகள் அணைந்த நேரம் பதிவாகியிருந்தது. கரையில் தண்ணீர் ஏறிய தடங்களைப் போலீஸ்காரர்கள் அளந்துவைத்தார்கள். 1964இல் அந்தப் பள்ளத்தாக்கையே 400இல் ஒரு பங்காகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அசலில் 20 நிமிடம் என்றால் மாதிரியில் 1 நிமிடம். இன்றைக்கும் வெள்ளக் கணக்குக்குப் புது மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த அளவுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

"சின்ன மாதிரி ஏமாத்தும் சார், வயோந்த் தெரியாதா?" என்று ஒரு தம்பி கேட்பார். தெரியும் தம்பி. இத்தாலியில் இருக்கும் அணை அது. பக்கத்து மலை நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தால் என்ன ஆகும் என்று மாதிரி கட்டிப் பார்த்தார்கள். மலைக்குப் பதில் சரளையைச் சரியவிட்டுப் பார்த்து, தேக்கத்தின் நீர்மட்டம் 700 மீட்டர் வரை இருந்தால் பயமில்லை என்றார்கள். 1963இல் மலை ஒரே பாளமாக, நினைத்ததைவிட வேகமாக வந்து விழுந்தது. தண்ணீர் அணையைத் தாண்டிப் பாய்ந்ததில் சுமார் 2000 பேர் போனார்கள். அது சரளையை நம்பிய தப்பு. அதே சரளையைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

"செலவு, இடம்" என்பீர்கள். அதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. என் ஆய்வில் பாதி அதில் போட்டதுதான். ஆனால் திரையில் நீலம் பரவுவதைப் பார்த்ததும் உண்மை என்று நம்பிவிடுகிறோம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல்திட்டம் கேட்கிறது. எந்தத் தெருவில் எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும் என்ற வரைபடம் அதற்கு வேண்டும். அந்தத் தெருவில் ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருப்பாள். தண்ணீரையே தொடாத பிள்ளைகள் அந்த நிமிடத்தை எந்தத் தைரியத்தில் எழுதுவார்கள்?

அங்கே படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒரு போன் போட்டிருக்கலாம். சந்தா போட்டாவது வேறு இடத்துக்கு மாற்றியிருப்போம்.

அந்தத் தகடு மட்டும் பழைய இரும்புக்கு இன்னும் போகவில்லை என்றால் எடுத்து வையுங்கள். நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.