கொக்கெய்ன் ஏற்றித்தான் சோதிக்க வேண்டுமா?
கொக்கெய்ன் பழக்கத்தை விடவைக்கும் புது மருந்துகளை, கொக்கெய்ன் ஏற்றிய ஆட்களிடம் சோதிக்கிறார்கள். "மருந்தைச் சோதிக்க கொக்கெய்னையே ஏற்றுவதா?" என்று இதைப் பற்றிய ஒரு கட்டுரை பதறுகிறது. வேறு வழியில்லை. சிகிச்சையில் இருப்பவர் நடுவில் மறுபடி இழுக்கத்தான் செய்வார். அப்போது இரண்டும் உடம்பில் மோதினால் என்ன ஆகும் என்பதை மருத்துவமனைப் படுக்கையில், ஈசிஜி ஓட ஓடப் பார்ப்பதே மேல். ஏற்கெனவே கொக்கெய்ன் பழகிய, சிகிச்சை நாடாத தன்னார்வலர்கள் மட்டும்தான்; இதயக் கோளாறு இருந்தால் சேர்க்கமாட்டார்கள். முதலில் மருந்து இல்லாமல் ரத்தக்குழாய் வழியே 20 மில்லிகிராம் கொக்கெய்ன், பிறகு 40. ஒப்பிட வெறும் உப்புநீரும் உண்டு. மருந்து ரத்தத்தில் நிலைப்பட்டதும் அதே அளவுகள் மறுபடி. நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ முன்பே குறித்த வரம்பைத் தாண்டினால் அடுத்த ஊசி கிடையாது. மோதலுக்கு உதாரணமாக, குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மருந்தைப் பாருங்கள்: ரத்தத்தில் கொக்கெய்ன் அளவையே அது ஏற்றிவிடுகிறது. கியூடி இடைவெளியையும் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னேற்றம் பெற்று மீள எடுக்கும் நேரம், ஈசிஜியில் தெரியும்) கவனிக்கணும். கொக்கெய்னே அதை நீட்டும், மருந்தும் சேர்ந்து நீட்டினால் வம்பு.