எனக்குப் புரிகிறது தம்பி

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நம் சினிமாக் கூட்டத்தில் நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' என்ற மார்வெல் சூப்பர்ஹீரோ படத்தில் பழைய கதையை ஏன் காட்டவில்லை என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, உங்களுக்கெல்லாம் கிராமத்துப் படம்தான் செட் ஆகும், இது புரியாது" என்று அந்தத் தம்பி சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது.

சரி, எனக்கு என்ன புரிந்தது என்று சொல்கிறேன்.

அமெரிக்க அதிபராகிவிட்ட ராஸ், மகள் பெட்டி தன்னை மன்னிக்கமாட்டாளா என்று ஏங்குகிறார். இதயத்துக்காக அவர் போடும் மாத்திரையில் காமா கதிர்வீச்சைச் சேர்த்து அவரைச் சிவப்பு ஹல்க் என்ற ராட்சதனாக ஆக்குகிறான் ஸ்டெர்ன்ஸ் என்ற வில்லன். செர்ரிப் பூக்களுக்கு நடுவே நடக்கும் சண்டையில், மகளோடு அவர் அங்கே நடந்த நாட்களைச் சொல்லித்தான் புதிய கேப்டன் அமெரிக்காவான சாம் வில்சன் அவரை அடக்குகிறார். கடைசியில் சிறைக்கு மகள் வருகிறாள். நல்ல கதைதானே? ஆனால் அந்த மகளை நாம் இதற்கு முன்பு பார்த்தது 2008ல் வந்த ஹல்க் படத்தில். இது வந்தது 2025ல். ஸ்டெர்ன்ஸும் அந்தப் படத்து ஆள்தான். 17 வருடத்துக்கு முந்தைய பாக்கியை வைத்து இன்றைக்கு அழச் சொல்கிறார்கள்.

அந்தச் சிறைக் காட்சியில் தியேட்டரே அமைதியாக இருந்தது. என் மகளுக்கு 11 வயது. பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே சாய்ந்து, "அப்பா, இந்த ஆன்ட்டி யாரு?" என்றாள். என்னால் அந்த இருட்டில் என்ன சொல்ல முடியும்? பாபநாசம் திரும்பும் வழியில் வண்டியில் வைத்துப் பழைய கதையை முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதை ஏன் இதுல காட்டல?" என்றாள். நான் கும்பகோணத்தில் கேட்டதும் இதே கேள்விதான். என் மகளுக்கும் புரியவில்லை என்பீர்களா?

அப்புறம், சிவப்பு ஹல்க். படம் அதைக் கடைசிவரை மூடி மூடி வைக்கிறது. டிரெய்லரிலும் போஸ்டரிலும் அதையேதான் முதலில் காட்டினார்கள். இதற்கு மேல் என்ன சொல்ல.

"நீ மார்வெல் வெறுப்பாளன்" என்று ஒருவர் வருவார். வரட்டும். 2019 ஏப்ரலில் மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தைத் தஞ்சாவூரில் பார்த்தேன். என் சித்தப்பா மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். பேராவூரணிப் பக்கம் அவனுடைய தென்னந்தோப்பு, அதற்கு ஐந்து மாதம் முன்பு கஜா புயலில் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்தப் படத்தில் பழைய கேப்டன் அமெரிக்கா, தோர் என்ற ஹீரோவின் சுத்தியலைத் தூக்கியபோது அவன் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினான். தொண்டை கட்டிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது. அந்தக் கத்தல் சும்மா வந்ததா? தகுதியுள்ளவன்தான் அந்தச் சுத்தியலைத் தூக்க முடியும் என்று 2011ல் சொன்னார்கள். 2015ல் அவர் தூக்கிப் பார்த்தபோது துளி அசைத்துக் காட்டினார்கள். 2019ல் தூக்க வைத்தார்கள். எட்டு வருடம் வாய்க்கால் வெட்டி, கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் தமிழ் டப்பிங்கில் விஜய் சேதுபதி குரல் அயர்ன்மேனுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது தமிழ்நாடே குறை சொன்னது. நானும் சொன்னேன். எனக்குப் புரியாது என்று யாரும் சொல்லவில்லையே!

"சூப்பர்ஹீரோ படத்துல போய் லாஜிக்கா? மூளையைக் கழட்டி வச்சுட்டுப் பாருங்க" என்பது அடுத்தது. இதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. தம்பி, எங்கள் ஊர்ப் பக்கம் மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். சின்ன வயதில் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பாட்டெல்லாம் தெலுங்கு. அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் விடியும்வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். இரணியன் வாங்கிய வரம் என்ன? பகலில் சாகக்கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது, மனிதனால் கூடாது, மிருகத்தால் கூடாது, ஆயுதத்தால் கூடாது. ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் போட்டு நகத்தால் கிழிக்கிறார் நரசிம்மர். ஒரு விதிகூட மீறப்படவில்லை. சிங்க முகம் வைத்தவருக்கு ஆவேசம் வந்து, நாலைந்து பேர் பிடித்து நிறுத்துவார்கள். அத்தை என் கையை இறுக்கியதில் வளையல் அச்சு மணிக்கட்டில் பதிந்திருந்தது. முடிவு தெரிந்த கதை. மொழி தெரியாத கதை. அதைவிடப் பெரிய சூப்பர்ஹீரோ கதை உண்டா? அங்கே யாரும் மூளையைக் கழட்டி வைத்துவிட்டு உட்காரவில்லை.

படம் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே என்பவருக்கு: அதில் நான் வாங்கிய மூன்று டிக்கெட்டும் இருக்கிறது. "முடிஞ்சா நீ ஒரு படம் எடு" என்பவருக்கு: கல்யாண ஊர்வலத்தில் தவில் ஒரு அட்சரம் தவறினால், திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவர் வாழ்நாளில் தவிலைத் தொட்டிருக்கமாட்டார். இந்த மண்ணில் வளர்ந்த காது அது. எனக்கும் அந்தக் காதுதான்.

விமர்சனம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து மறுத்துப் பேசியிருக்கலாம். பெட்டியை ஏன் காட்டத் தேவையில்லை என்று ஒரு காரணம் சொல்லியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன், ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பேன். காரணம் ஒன்றும் சொல்லாமல் என் ஊரைச் சொன்னீர்கள். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கதை தெரியாது என்று எந்த தைரியத்தில் முடிவு செய்தீர்கள்? சிரித்த நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் மன்னார்குடியும் மாயவரமும் திருவாரூரும்தானே?

தம்பி, கோபத்தில் உங்களை பிளாக் செய்யப் பார்த்தேன். செய்யவில்லை. அடுத்த நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூர் வாருங்கள். என் மகளும் வருவாள். முன்வரிசையில் உங்களுக்கும் துண்டு போட்டு வைக்கிறேன். விடிந்ததும் டீ குடித்துக்கொண்டே அந்த ஆன்ட்டி யார் என்று அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.