போட்டி போதும், ஜமக்காளத்தை விரியுங்கள்

நம்ம ஊர் நூலகங்களில் பிள்ளைகளுக்கு நடத்தும் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாவற்றையும் ஒரே ஒரு வருடம் நிறுத்தி வைத்தால் என்ன? கோபப்படாமல் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நவம்பர் 14 வந்தால் தேசிய நூலக வார விழா தொடங்கிவிடும். 20ஆம் தேதி வரை நடக்கும். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, எங்கே போனாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருவார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகும். வந்ததும் பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. படிப்பதால் வரும் நன்மைகளை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். பிறகு பரிசு, சான்றிதழ், குழுப் படம். பிள்ளைகள் வந்த வரிசையிலேயே திரும்பிப் போவார்கள். இத்தனைக்கும் நடுவே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிப் பிரித்துப் பார்த்த பிள்ளை உண்டா என்று தேடிப் பாருங்கள். பரிசு வாங்கியது ஏற்கெனவே வீட்டில் படிக்கிற பிள்ளை. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காத பிள்ளைக்கு அந்தக் கட்டடம் இன்னொரு பரீட்சை ஹால், அவ்வளவுதான். மறுவாரம் அது அந்தப் பக்கம் ஏன் வரப்போகிறது?

இதை ஏற்பாடு செய்பவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல வரவில்லை. மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், படம் அனுப்ப வேண்டும். போட்டி என்றால் எண்ணிக்கை காட்டலாம். ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் படப் புத்தகம் பார்த்ததை எந்த அறிக்கையில் எழுதுவது?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கதை சொல்ல வருகிறார். வாசகர் வட்டத்து ஏற்பாடு. ஒரு ஜமக்காளம், ஒரு படப் புத்தகம், வேறு செலவு கிடையாது. தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் பிள்ளையை டியூஷனில் விடுவது போல வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். சில அம்மாக்கள் மட்டும் வெளியே வண்டிமேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் டீச்சர் வெளியே வந்து, "ஏம்மா, வெயில்ல இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க, கதை உங்களுக்கும்தான்" என்றார். கூச்சத்தோடுதான் போனார்கள். அப்புறம் நானும் என் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

பெரியவர்கள் உட்கார்ந்ததும் கதை நேரமே வேறு மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் ஒரு நரிக் கதையைப் படித்துக்கொண்டிருந்தார். பேரனைக் கூட்டி வந்திருந்த ஒரு ஆயா நடுவில் புகுந்து, "அப்படி இல்லம்மா, எங்க ஊர்ல இத வேற மாதிரி சொல்லுவாங்க" என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார். டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டார். அதுவரை வாயே திறக்காத பேரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஆயாவுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. இப்போது பேரன் உறுப்பினர் அட்டையில் புத்தகம் எடுத்துப் போய் அவருக்குப் படித்துக் காட்டுகிறான். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்கிறார். பதில் சொல்வதற்காகவே அவன் இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

என் கருத்து இதுதான். நூலகத்தில் 'குழந்தைகளுக்கான நிகழ்ச்சி' என்று தனியாக ஒன்றை நடத்துவதை விட்டுவிட்டு வீட்டையே கூப்பிட வேண்டும். அம்மா, அப்பா, ஆயா, தாத்தா, கைக்குழந்தை, எல்லாரையும். வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் அந்த ஜமக்காளத்தில் இருந்தால், மீதி ஆறு நாளும் அந்தப் புத்தகத்தைப் பற்றி வீட்டில் பேச ஆள் கிடைக்கும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. வடாற்காட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், திரௌபதி அம்மன் கோயில் பாரதம் எப்படி நடக்கும் என்று. கோடையில் அக்னி வசந்த விழா வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம். பாட்டைப் பாடிப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். ராத்திரி கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. வயல்வேலை முடித்த தாத்தாவும் பள்ளி லீவில் இருக்கும் பையனும் ஒரே கோணிப்பையில் உட்கார்ந்து கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கூத்து என்று யாரும் போட்டதில்லை. பாதியில் தூங்கும் பிள்ளையை, கூத்தில் சிரிப்பு மூட்டுகிற ஆள் வந்ததும், 'கட்டியங்காரன் வந்துட்டான்டா' என்று எழுப்பிவிடுவார்கள். கேட்டு முடித்ததும் யாரையும் கூப்பிட்டு இதிலிருந்து நீ கற்றுக்கொண்ட நீதி என்ன என்று கேட்கவில்லை. அப்படி உட்கார்ந்து கதை கேட்டவர்கள்தான் கதாபாத்திரங்களின் பேரும் குணமும் வசனமும் வாழ்நாள் முழுக்க மறக்காமல் வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு. நூலகக் கதை நேரத்துக்கு மாதிரி வேண்டும் என்றால் இதைவிட நல்ல மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை.

வெளியே நடப்பதையும் பார்க்கலாம், தப்பில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1992இல் 'புக்ஸ்டார்ட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் புத்தகம் இலவசம். அதிலும் தாய்மாரைச் சந்திக்கும் சுகாதார ஊழியர்கள் மூலமாகவே கொடுத்தார்கள். பேசவே ஆரம்பிக்காத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று இங்கே கேட்பார்கள். புத்தகம் குழந்தைக்கு இல்லை, அம்மா மடியில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு. நம்மிடம் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கிறது. தடுப்பூசி போட, எடை பார்க்க அம்மாக்கள் வருகிறார்கள். நூலகத்திலிருந்து ஒரு பை புத்தகம் அங்கே போய் இருந்தால் போதும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், அவ்வளவுதான். (அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று அரசு ஊழியரான என் மாமா சிரிக்கிறார்.)

சரி, நடைமுறைக்கு வருவோம். "பெத்தவங்களுக்கு எங்க சார் நேரம்?" என்ற கேள்வி நியாயமானது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர் வீட்டிலேயே இருந்தாலும் கை ஓயாது. இவர்களைப் புதன்கிழமை காலை பதினொரு மணி விழாவுக்கு அழைத்தால் எப்படி வருவார்கள்? வரவில்லை என்றதும் 'இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று மேடையில் பேசுவதுதான் எனக்கு எரிச்சல். நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு காலை, இல்லையென்றால் சாயங்காலம் ஆறரைக்கு மேல். பீடி சுற்றும் திண்ணைக்கே போய்ப் படித்தாலும் நல்லதுதான். கையில்தானே வேலை, காது சும்மாத்தானே இருக்கிறது?

இன்னொன்றை மேடையில் யாரும் பேசுவதில்லை. நம்ம பக்கத்தில் வீட்டு மொழி எல்லாருக்கும் தமிழ் கிடையாது. வேலூர் நகரத்திலும் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கமும் உருது பேசும் வீடுகள் ஏராளம். ஆந்திர எல்லையை ஒட்டித் தெலுங்கு வீடுகள். அந்தப் பிள்ளை தமிழில் படிக்கிறது, வீட்டில் வேறு மொழியில் யோசிக்கிறது. அதன் அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க உங்க பாஷையில ஒரு கதை சொல்லுங்க" என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் கிடைக்கின்றன. அதை எந்த மொழியிலும் சொல்லலாம், படிக்கத் தெரியாதவரும் சொல்லலாம். சிங்கப்பூரில் தமிழ் பேசுகிறவர்கள் சிறுபான்மை. ஆனாலும் அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, தமிழில் கதை சொல்லும் நிகழ்ச்சி நடக்கிறது. நம்ம சொந்தக்காரர்கள் படம் அனுப்பினால் பெருமையாகப் பகிர்கிறோம். அதே மரியாதையை இங்கே பக்கத்து வீட்டு உருதுவுக்கும் தெலுங்குக்கும் கொடுப்பதில் என்ன தயக்கம்?

புத்தகம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல கிளை நூலகங்களில் சிறுவர் நூல்கள் கண்ணாடி பீரோவில், பூட்டுக்குள். இல்லையென்றால் பிள்ளை கைக்கு எட்டாத மேல்தட்டில். கேட்டால் "கிழிச்சிடுவாங்க சார்" என்பார்கள். இதில் நூலகரை மட்டும் திட்டிப் பயனில்லை. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஊர்ப்புற நூலகம் என்றால் திறப்பது, கூட்டுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். சம்பளமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவரிடம் போய் வாராவாரம் கதையும் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வராது. அதனால்தான் வாசகர் வட்டமும் பெற்றோரும் கை கொடுக்க வேண்டும் என்கிறேன். அதோடு, பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகத்தைக் கேள்வி கேட்காமல் கழித்துக்கொள்ள ஒரு வழியும் அரசு செய்து தர வேண்டும். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று 1931இல் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், நூலகத்துக்கான முதல் விதியாகவே எழுதி வைத்தார். அவர் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கும் அறையிலேயே பீரோ பூட்டிக் கிடக்கிறது.

அந்த ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தியதன் பலன்தான் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன்படிதான் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். சொந்த வீடு இல்லாதவரும் வாடகை வழியாக இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, நூலகத்தில் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் இடம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது. வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பது பழைய வியாதி. அதைக் கேட்பதும் நம் வேலைதான்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இருக்கிறது. இரண்டும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொணவட்டத்திலோ பாகாயத்திலோ இருக்கும் பிள்ளை வாராவாரம் கோட்டூர்புரம் போகுமா? அதற்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை வேண்டும், அந்த அறையில் தாழ்வான ஒரு அலமாரி வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 'வாசிப்பு இயக்கம்' என்று நடத்துகிறார்கள். சின்னச் சின்னப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து. என் அண்ணன் மகன் கொண்டு வந்ததைப் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன. பாடப் புத்தக வாடை இல்லாத எழுத்து. ஆனால் முழுப் பரீட்சை முடிந்து பள்ளியைப் பூட்டினால் புத்தகமும் உள்ளே பூட்டிக்கொள்ளும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலூர் வெயிலில் பிள்ளைகள் வெளியே விளையாடவும் முடியாது, வீட்டில் போன்தான். அதுவரை எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை ஜூனில் திரும்பப் போகும்போது பாதியை மறந்திருக்கும். இதை எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார். பள்ளி விட்ட இடத்தில் நூலகம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு மாதத்தில்தான். நூலகத்துக்குள் ஃபேன் இருக்கிறது, குடிதண்ணீர் வைத்துவிட்டால் போதும். உறுப்பினர் காப்புத்தொகை பெரிய தொகை இல்லை. பள்ளிக்கூடமே பட்டியல் அனுப்பினால் ஒரு வகுப்பு முழுவதையும் ஏப்ரலுக்குள் சேர்த்துவிடலாம்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எங்கள் நூலகத்திலேயே கதை நேரத்துச் சத்தம் பற்றி ஒருவர் புகார் சொன்னார். அவர் கஷ்டம் உண்மை. வீட்டில் இடம் இல்லாமல்தான் அங்கே வந்து படிக்கிறார். அதற்காகப் பிள்ளைகளை வாயை மூடச் சொல்ல முடியாது. ஞாயிறு ஒரு மணி நேரம் அவர்களுக்கு, மீதி நேரமெல்லாம் உங்களுக்கு என்று பேசி முடித்தோம். புகார் சொன்ன தம்பியே ஒருநாள் டீச்சர் வராதபோது கதை படித்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல் பொது அறிவு வினா விடை மாதிரிதான் படித்தார். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள்.

வரும் நூலக வாரத்துக்கு எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன். போட்டி கிடையாது. மேடை கிடையாது. பொன்னாடைக்கும் கோப்பைக்கும் ஆகிற காசில் படப் புத்தகம். ஏழு நாளும் சாயங்காலம் ஒரு வீட்டார் வந்து ஒரு கதை படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வரும், குறிப்பாகச் சான்றிதழ் கிடைக்காதே என்று பெற்றோரிடமிருந்து. உங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் கதை நேரம் நடந்தால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கீழே எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் பலகையில் பெயர் போட்டுக்கொண்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நேரிலும் வந்தால் சந்தோஷம். ஜமக்காளத்தில் இடம் இருக்கிறது, முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறோம்.