டெபோக் காலி மனையில் முளைத்த ஊரா?

ஜகார்த்தாவுக்குத் தெற்கே உள்ள டெபோக்கைப் பற்றி யாரைக் கேட்டாலும், 1976-இல் அரசு அங்கே தொகுப்பு வீடுகள் கட்டியதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் வெறும் வயலும் தோப்பும்தானாம். இந்த "வெறும்" எனக்கு எரிச்சலூட்டுகிறது. வயல் என்றால் யாரோ உழுதிருக்க வேண்டாமா?

உழுதவர்கள் அடிமைகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கொர்னேலிஸ் சாஸ்டலைன் 1696-இல் இங்கே நிலம் வாங்கினார். பாலி, சுலவேசி முதலான தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை வைத்துப் பயிர் செய்தார். 1714-இல் அவர் இறந்ததும் உயில்படி சுமார் 150 பேருக்கு விடுதலை கிடைத்தது. கூடவே நிலமும் கிடைத்தது. அவரை மகானாக்க நான் வரவில்லை. மனிதரை விலைக்கு வாங்கியவர், கிறித்தவத்தில் சேர்ந்தவர்களுக்கே நிலத்தை விட்டுப்போனவர். ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

லூன், லாரன்ஸ், யோனாதன்ஸ், சுடிரா என்று அவர்களுக்குப் 12 குடும்பப் பெயர்கள். டச்சு நடை உடையோடு வாழ்ந்ததால் ஊரார் வைத்த கேலிப் பெயர் "டெபோக் டச்சுக்காரர்". 1945 அக்டோபரில், டச்சு ஆட்சிக்கு எதிரான இந்தோனேசிய விடுதலைப் போரின் கொந்தளிப்பில், இவர்களுடைய வீடுகள் சூறையாடப்பட்டன. அந்த நாள்களுக்கு "கெடோரான்" என்று பெயர். கதவைப் படபடவென்று ஓங்கித் தட்டுவது என்று பொருள். அடிமைகளின் பேரப்பிள்ளைகளை ஆண்டைகள் என்று நினைத்து அடித்த கொடுமையை என்ன சொல்ல! 1952-இல் அந்த நிலங்கள் அரசின் கைக்குப் போயின.

1976-இல் வீடுகள் கட்ட அரசு இந்த இடத்தைத் தேர்ந்ததில் அதிசயமில்லை. 1873-இலேயே பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) தெற்கே உள்ள போகோர் நகருக்கு ரயில் இவ்வழியே ஓடியது. 1987-இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் வந்தது, 1999-இல் தனி நகராட்சி. இன்று 20 லட்சத்துக்கும் மேல் மக்கள். காலை ரயிலில் நானும் ஒருமுறை ஏறினேன்; கைப்பிடியைப் பிடிக்கக்கூட இடமில்லை, கூட்டமே தாங்கிக்கொண்டது.

தமரத்தம்பழம்தான் (நட்சத்திரப்பழம்) இன்று ஊரின் அடையாளம். பாத்திக் சட்டையிலும் அதையே அச்சிடுகிறார்கள். மரத்தைக் காட்டுங்கள் என்று, தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். ஸ்கூட்டரில் வெகுதூரம் அழைத்துப்போனார். ஒரு குடியிருப்பின் மதிலை ஒட்டி நாலைந்து மரங்கள் நின்றன. ஒவ்வொரு காய்க்கும் யாரோ பொறுமையாக உறை கட்டியிருந்தார்கள்.