அப்பத்தாவின் நாலு மா

எங்கள் அப்பா 2019-இல் உயில் எழுதாமல் காலமானார். காரைக்குடியில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு அவர் கட்டிய வீடும் ஒரு காப்பீட்டுப் பாலிசியும் கொஞ்சம் சேமிப்பும்தான் அவர் விட்டுச்சென்றவை. வீடு அம்மாவுக்கு என்பதில் பிள்ளைகள் மூவருக்கும் மறுபேச்சு இல்லாததால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பட்டாவை மாற்றிவிடலாம் என்று நம்பினோம். அது மாற ஐந்து ஆண்டுகள் ஆயின. எங்கள் குடும்பத்தில் சண்டை இல்லை, வழக்கும் இல்லை. அப்படியிருந்தும் இவ்வளவு காலம் ஆனது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் ஐந்து பெயர்கள் இருந்தன: அம்மா, நாங்கள் மூவர், 86 வயதான எங்கள் அப்பத்தா. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு பெற்ற தாயும் இருக்கிறார்; பங்கும் சமமானது. தகப்பனார் உயிரோடிருந்தால்கூட அவர் இரண்டாம் வகுப்பில்தான் வருவார். படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அப்பத்தாவிடம் உடனே, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிடும்படி உறவினர் ஒருவர் சொன்னார். அப்பத்தாவோ, அப்பா கழற்றிவிட்ட செருப்பை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, திண்ணையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகனைப் பறிகொடுத்தவரைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போக எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தைத் தவறென்று இன்றும் நான் கருதவில்லை. துக்க வீட்டில் கையெழுத்து வாங்குவதை எந்த அவசரத்தின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது.

2021-இல் அப்பத்தாவும் உயிலின்றி மறைந்தார். அதன் பிறகுதான் சிக்கல் முழு உருவம் எடுத்தது. அப்பத்தாவின் பங்கான ஐந்தில் ஒன்று என்பது நம் பழைய கணக்கில் நாலு மா; ஒரு மா என்பது இருபதில் ஒன்று. அப்பத்தாவுக்குப் பிள்ளைகள் நால்வர் என்பதால் சித்தப்பாவுக்கு ஒரு மா, அத்தைகள் இருவருக்கும் ஒவ்வொரு மா, இறந்துபோன அப்பாவின் வழியில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு மா என்று அது பிரிந்தது. அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. ஏனெனில் ஒரு பெண்ணின் சொத்தில், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டே தவிர, அந்த மகனின் மனைவிக்கு இல்லை. கல் சுமந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, அந்த வீடு எழும்பும்வரை கூடவே நின்ற அம்மாவின் வீட்டில், சட்டப்படி ஏழு பேர் பங்குதாரர்கள் ஆனோம்.

சித்தப்பாவும் பெரிய அத்தையும் சொன்ன நாளில் வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்கள். சின்ன அத்தை மலேசியாவில் மகளோடு இருக்கிறார். முழங்கால் வலியோடு அவர் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியிருந்தது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும். முதல் பத்திரத்தில் அத்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் அத்தனையையும் மறுபடி செய்தோம்.

பாலிசியிலும் இதே கதைதான். திருமணத்துக்கு முன் எடுத்த அந்தப் பாலிசியில் அப்பா சித்தப்பாவை நாமினியாகப் போட்டிருந்தார். பிறகு மாற்றவே இல்லை. வருங்கால வைப்புநிதியில் திருமணத்துக்கு முந்தைய நாமினி நியமனம் தானாகவே செல்லாமல் போகும். காப்பீட்டில் அப்படி இல்லை. தம்பியை நாமினியாகப் போட்டால் அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவரே தவிர, அதற்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உச்ச நீதிமன்றம் இதை 1983-லேயே தெளிவாக்கியது. சித்தப்பா பணம் வந்த அன்றே அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தார். எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார் என்று நம்பி யாரும் தம் மனைவியை விட்டுச்செல்லக் கூடாது.

தாய்க்குப் பங்கு கொடுக்கும் சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. முதுமையில் மகனை இழந்தவரை நடுத்தெருவில் விடாத சட்டம் அது. ஆனால் வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம். ‘என் தாயார் ஆயுள்வரை இவ்வீட்டில் வசிக்கலாம், வீடு என் மனைவிக்கு’ என்று அவர் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் இருவருக்கும் நியாயம் கிடைத்திருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. உயில் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று வாயடைத்த பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். அப்பா அவர்கள் பேச்சைத் தட்டாதவர்.

சென்ற மாதம் அம்மா தன் உயிலைத் தானே சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். வீட்டை மூவருக்கும் சமமாக எழுதிய பிறகு, மஞ்சள் பையிலிருந்த பழைய பத்திரங்களை எண்ணி, ஒவ்வொன்றும் எங்கே இருக்கும் என்பதையும் ஒரு தாளில் குறிக்கச் சொன்னார். சாட்சிகளாக, தன்னைவிட வயதில் இளையவர்களாகப் பக்கத்து வீட்டுத் தம்பதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பதிவுக்குத் திங்கட்கிழமை போகிறோம்.