கருத்துச் சொல்லுங்கோவாம், கொட்டேஷன் ரெடியாம்

"எல்லாரும் உங்கட கருத்தைச் சொல்லுங்கோ, நான் எதையும் கேட்கத் தயார்" எண்டு ஆராவது கூட்டத்தைத் தொடங்கினா, அப்பவே செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடலாம். கொட்டேஷன் ஏற்கெனவே ஃபைலுக்குள்ள இருக்கும். அட்வான்ஸும் குடுத்தாச்சு.

வெள்ளவத்தை ஃபிளாட் கூட்டம் எப்பிடி நடக்கும் எண்டு புதுசாச் சொல்லத் தேவையில்லைதானே. இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து தண்ணிக்கு. ஒன்பதாம் மாடியில ஷவர் நூலா ஒழுகுது, ஹீட்டர் ஓன் ஆகுதே இல்லை. தலைவர் கண்டுபிடிச்ச வழி: மொட்டை மாடியில இருக்கிற 5,000 லீட்டர் தாங்கியைக் கழட்டிப்போட்டு 10,000 லீட்டர் தாங்கி வைக்கிறது. தண்ணி கூட இருந்தா அமுக்கமும் கூடுமாம்!

மூலையில நிண்ட பிளம்பர் பாஸ் வாயைத் திறந்தார். "ஐயா, தாங்கி பெரிசானா பிரெஷர் வராது. உயரம் வேணும்."

பௌதிகவியல் வாத்தியார் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கிறதை மனிசன் ஒரு வரியில முடிச்சிட்டார். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (bar, அமுக்கத்தை அளக்கிற அலகு). தண்ணி மட்டம் ஷவருக்கு மேல 3 மீட்டரில நிண்டா 0.3 பார். தாங்கி 5,000 எண்டாலும் 0.3, 10,000 எண்டாலும் 0.3, பேரை வாவியையே தூக்கி மேல வைச்சாலும் 0.3. கூடப்போறது 5 தொன் பாரம் மட்டும்தான், அதுவும் ஸ்லாப்புக்கு.

தலைவர் என்ன சொன்னார் தெரியுமே? "நீர் பைப் பூட்டுற வேலையைப் பாரும்." தண்ணி வேலையைப் பற்றித் தண்ணி வேலைக்காரன் கதைக்கக் கூடாது, ரிட்டயர்ட் பேங்க் மனேஜர் கதைக்கலாம். உடன மூன்றாம் மாடி அங்கிள் எழும்பி, "தெஹிவளையில என்ர மச்சான்ர ஃபிளாட்டில பெரிய தாங்கிதான், தண்ணி அடிச்சு ஊத்துது" எண்டார். எல்லாரும் தலையை ஆட்டிச்சினம். மச்சான் இருக்கிறது இரண்டாம் மாடியில! எந்த மாடி எண்டு கேட்ட ரீச்சருக்குக் கிடைச்ச பதில், "நேரம் போகுது அக்கா."

1960இல பீற்றர் வேசன் எண்ட உளவியலாளர் இந்தக் கூட்டத்துக்கெண்டே ஒரு பரிசோதனை செய்து வைச்சிருக்கிறார். 2, 4, 6 எண்டு தந்து, இதுக்குப் பின்னால இருக்கிற விதியைக் கண்டுபிடி, நீயா மூண்டு மூண்டு எண்ணாச் சொல்லிப் பார், விதிக்குப் பொருந்துதோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன் எண்டார். பலரும் 8, 10, 12 எண்டமாதிரித் தங்கட ஊகத்துக்குப் பொருந்துறதையே சொல்லிச் சொல்லி "ரெண்டு ரெண்டாக் கூடுது" எண்டு அடிச்சுச் சொல்லிச்சினம். உண்மையான விதி, ஏறுவரிசையில எந்த மூண்டு எண்ணும் சரி. 1, 2, 9 எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா, அதுக்கும் "ஓம்" எண்டு பதில் வந்து ஊகம் உடைஞ்சிருக்கும். தெஹிவளை மச்சான் அந்த 8, 10, 12தான். ஒன்பதாம் மாடியில இருக்கிற ஒரு மச்சானைத் தேடிப் பிடிச்சுக் கேட்டிருக்க வேணும்.

இல்லாட்டி அளந்து பார்த்திருக்கலாம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயாரில அமுக்கம் அளக்கிற பிரெஷர் கேஜ் கிடைக்கும். ஒன்பதாம் மாடிப் பைப்பில பூட்டி, மற்ற எல்லாத்தையும் மூடிப்போட்டு வாசியுங்கோ. பிறகு பக்கத்துப் பைப்பை ஒண்டைத் திறவுங்கோ. மூடியிருக்கேக்க 0.3 காட்டி, திறந்தாப்பிறகும் பெரிசா இறங்காட்டி, பாஸ் சொன்னது சரி, உயரம்தான் காணாது. திறந்த உடன முள்ளு கீழ விழுந்தா உள்ளுக்க அடைப்பு: கறள் பிடிச்ச ஜி.ஐ. (நாகம் பூசின இரும்பு) பைப், அல்லது உள்ளத் தட்டுக் கழண்டு அரைவாசியில விழுந்து கிடக்கிற கேட் வால்வ். கேஜ் ஒழுங்காக் காட்டியும் ஷவர் மட்டும் நூலா ஒழுகினா ஷவர் வலையைக் கழட்டிக் கழுவுங்கோ. உயரம்தான் பிரச்சினை எண்டா மேல் ரெண்டு மாடிக்கு மட்டும் அமுக்கத்தைக் கூட்டுற ஒரு பூஸ்டர் பம்ப் போதும். அதுக்குப் பக்கத்தால பம்புக்குள்ள போகாமத் தண்ணி வர ஒரு பைபாஸ் பைப், அதில தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுற நொன் ரிட்டர்ன் வால்வ். அந்த வால்வை மறந்தா பம்ப் தள்ளுற தண்ணி பைபாஸால திரும்பி வந்து சும்மா சுத்தும். பைபாஸே இல்லாட்டி கரண்ட் போன நேரம் அந்த நூலும் வராது.

இதில ஆரும் ஆற்றையும் காலில விழத் தேவையில்லை. அனடோல் ராப்பபோர்ட் எண்ட கணித உளவியலாளர் சொன்ன முறை இருக்கு: எதிராளி சொன்னதை அவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" எண்டு ஒத்துக்கொள்ளுற அளவுக்கு முதல்ல நீங்கள் திருப்பிச் சொல்லவேணும், மறுப்பெல்லாம் பிறகு. தலைவர் ஒருக்கா, ஒரேயொருக்கா, "உயரம் வேணும் எண்டு பாஸ் சொல்லுறார்" எண்டு தன்ர வாயால சொல்லியிருந்தா, "ஏன் உயரம்?" எண்டு அந்த மண்டபத்தில ஒரு ஆளாவது கேட்டிருக்கும்.

கை தூக்கச் சொன்னார். தாங்கி வெண்டிட்டுது. அதைப் பூட்டப்போறதும் அதே பாஸ்தான். கூலி வருகுது, மனிசன் சிரிச்சுக்கொண்டு லிஃப்டில ஏறிட்டார். நாங்களும் சிரிச்சம், வேற என்ன செய்யிறது.

அது போகட்டும். கூட்டத்துக்கு வந்த மீன் பட்டிஸ் முழுக்கக் கிழங்கு. கொழும்பில பட்டிஸுக்குள்ள மீன் வைக்கிறதை எப்பயடாப்பா நிப்பாட்டினவங்கள்?